பன்னிரண்டு படங்களிலும் ஒரே நாணல்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பாட்டில் அக்கா. ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியில் முழங்கால் வரை இறங்கி, பாட்டிலில் நீர் பிடித்து வந்து, ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதே ஏரி. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிலிருந்து அழுகிய முட்டை வாடை போகாது. அதனால் வீட்டில் கரண்டியால்தான் சாப்பிடுவாள்.

அவளுடைய தம்பி பத்திரிகைகளில் ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவன். ஒருநாள் போன் செய்தான். "அக்கா, உன் ஏரியை ஒருத்தர் பன்னிரண்டு படமா வரைஞ்சிருக்கார். வந்து பாரேன்."

வேலை முடிந்து சேறு காயாத பூட்ஸோடு ஓவியக் கண்காட்சியில் போய் நின்றாள். வெள்ளைச் சுவர்கள், குளிரூட்டிய கூடம், கையில் கண்ணாடிக் கோப்பைகளோடு பத்துப் பேர். நடுவில் தம்பி விளக்கிக்கொண்டிருந்தான்.

"இந்த ஊதாவைக் கவனிங்க. இது தண்ணியோட நிறமே இல்ல. ஓவியரோட ஆழ்மனசு."

"ஆழ்மனசும் இல்ல, ஒண்ணும் இல்லடா," என்றாள் பாட்டில் அக்கா. "செவ்வாய்க்கிழமைச் சாயம். சாயப்பட்டறையில அன்னைக்குத்தான் ஊதா ஓடும். பக்கத்துல வெள்ளையா இருக்கே, அது நுரை. கையில பட்டா தோல் உரியும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அவள் பூட்ஸைப் பார்த்து ஒதுங்கினார்கள். "மானத்தை வாங்காதக்கா," என்று பல்லைக் கடித்தான் தம்பி.

அவள் ஒவ்வொரு படமாக நின்று பார்த்தாள். வரைந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. நுரையின் ஓரத்துப் பழுப்பு, நீர்மேல் மிதக்கும் எண்ணெயின் மினுக்கு, செத்த மீனின் வயிற்று வெளுப்பு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஏழாவது படத்தில்தான் அவள் கண் நிலைகுத்தியது. இடது கரையில், ஊதா தொடங்கும் இடத்தில், அழகாக ஒரு நாணல் புதர். அங்கே புல் முளைத்தே பத்து வருடமாகிறது. அங்கே இருப்பது ஆள் தவழ்ந்து போகுமளவு பெரிய கழிவுக் குழாய். திரும்பி மற்றப் படங்களைப் பார்த்தாள். பன்னிரண்டிலும் அதே இடத்தில் நாணல்.

ஓவியர் மென்மையாகப் பேசுகிறவர். அவர் முன்னால் போய் நின்றாள். "அங்க குழாய்தானே இருக்கு?"

"முதல்ல குழாயோடதான் வரைஞ்சேம்மா. கண்ணை உறுத்துச்சு. மேலயே நாணலைப் போட்டுட்டேன்."

"நாத்தம் தெரியலையா?"

"மூக்குல பஞ்சு வச்சுக்கிட்டேன்," என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால்கூடப் போகட்டும். இந்த மனிதர் எல்லாம் தெரிந்தே நாள்கணக்கில் நின்று, அங்குலம் அங்குலமாகப் பூசி மெழுகியிருக்கிறார்.

ஆனாலும் படங்களின் மூலையில் தேதிகள் இருந்தன. அவற்றைக் குறித்துக்கொண்டாள். அந்தத் தேதிகளில் அவள் எழுதிய அறிக்கைகளில் ஒன்பதை, நீர் எடுத்ததில் பிழை என்று மேலதிகாரி திருப்பி அனுப்பியிருந்தார். படங்களின் புகைப்படங்களையும் அறிக்கைகளையும் சேர்த்து அவர் மேசையில் வைத்தாள். "நான் பார்த்த நிறத்தை இன்னொருத்தரும் பார்த்திருக்கார் சார்."

அவர் நிதானமாகப் புரட்டினார். "நிறம் சரிம்மா. குழாய் எங்க? நாணல்தானே இருக்கு?"

அவள் அறிக்கைகளை மட்டும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியை வலுக்கட்டாயமாகக் கரைக்கு இழுத்துப் போனாள். குழாய்க்கு இருபதடி இருக்கும்போதே அவன் குனிந்து வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படங்களைப் பத்தின கட்டுரையைப் பத்திரிகைக்குக் கொடுத்துட்டேனேக்கா," என்றான்.

"கேட்டு வாங்கி மாத்தி எழுது."

"பார்க்கிறேன்."

கட்டுரை ஆழ்மனசோடு அப்படியே வந்தது. அவனோடு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மறுமாதம் மேலதிகாரி ஏழாவது படத்தை வாங்கி அலுவலக முன்கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டில் அக்கா பின்வாசல் வழியாக வேலைக்குப் போய் வருகிறாள்.