முதியோர் பாஸும் ஒரு நாள் படகும்

எதற்கும் தேதி குறித்து வைக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. முதல் மழை, புதுச் சைக்கிள், ஏரியில் பூநாரை இறங்கிய நாள் என்று எல்லாவற்றுக்கும் தேதி இருக்கும். என் பெரியப்பா ஒரு படகுக்குச் சொந்தக்காரராக இருந்த நாளுக்கு மட்டும் தேதி போட முடியவில்லை. அது ஒரு நாளா, இரண்டு நாளா, எந்த மாலையில் தொடங்கி எந்த மாலையில் முடிந்தது என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

மாதம் தை. பொங்கல் கழிந்த வாரம். அப்போது எனக்குப் பழவேற்காட்டில் வாத்தியார் வேலை. ஏரியைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்துப் படகுத்துறையில் நட்ட பலகையில் பெயின்ட் வாசனை போகாத சமயம். எண்பதுகளின் தொடக்கம் என்று சொன்னால் தவறாகாது.

பெரியப்பா நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஏலத்தில் ஒரு பழைய ஆஸ்பத்திரி வேனை எடுத்தார். உள்ளே இரண்டு பேர் படுக்கப் பலகை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர் டிரம், ஜன்னலுக்குப் பெரியம்மாவின் பழைய புடவையில் திரை. அதிலேயே தூங்கி, அதிலேயே சமைத்து, இருவரும் சரணாலயம் சரணாலயமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரிடம் அறுபது கடந்தவர்களுக்குக் காட்டிலாகா கொடுத்த பாஸ் இருந்தது. அதைக் காட்டினால் அவருக்கும், அவரோடு அவர் வண்டியில் வருகிறவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. பாஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். யாரும் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுவார்.

வேன் பழவேற்காட்டுக்குள் நுழைந்தபோதே குழப்பம் தொடங்கிவிட்டது. வெள்ளை வேன், பக்கவாட்டில் அழித்தும் அழியாத சிவப்புச் சிலுவை. குடும்பக் கட்டுப்பாட்டு வண்டி மறுபடி வந்துவிட்டது என்று துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் மறைந்துபோனார்கள். பெரியம்மா இறங்கி, மூட்டு வலியோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இங்க நல்ல தண்ணி எங்கம்மா கிடைக்கும்?" என்று கேட்ட பிறகுதான் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் பகல் அவர்களை ஏரிக்குள் கூட்டிப்போகப் படகு பேசினேன். படகுக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த குப்பத்துக்காரர். அவருடைய பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தார்கள். "வெளிச்சம் இருக்கச் சொல்லவே திரும்பிடணும் வாத்யாரே. நாளைக்கு வெடிகாலைல எனக்குப் பாடு கீது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பாடு என்றால் முறை. ஏரியில் மீனும் இறாலும் விழுகிற இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. குப்பத்து ஆண்கள் முறை வைத்துத்தான் இறங்குவார்கள். நல்ல இடத்துப் பாடு ஒருவருக்கு வந்து போனால், மறுபடி சுற்றி வர வெகுகாலம் ஆகும். அந்த விடியற்காலைக்காக அவர் வீட்டில் எல்லோரும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

துறையில் காட்டிலாகா கார்டு ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயது. பெரியப்பா பாஸை நீட்டினார். கார்டு அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஃப்ரீ சார். இவங்களுக்கு டிக்கெட் எடுக்கணும்."

"என்னோட வண்டியில வர்றவங்களுக்கும் கிடையாதுன்னு போட்டிருக்கே."

"வண்டி எங்க சார்?"

"அதோ நிக்குதே."

"அதுல போனீங்கன்னா இவங்களுக்கும் ஃப்ரீதான்."

"தண்ணிமேல எப்படிய்யா வேன் போகும்?"

"அதான் சார் நானும் சொல்றேன்."

இருவரும் சொன்னது சரியாகவே இருந்தது. அதனால் இருவரும் நகரவில்லை. கட்டணம் ஒன்றும் பெரிதில்லை, நான் கொடுக்கிறேன் என்றேன். பெரியப்பா என் கையைத் தட்டிவிட்டார். "காசு இல்லடா விஷயம். எழுதியிருக்கிறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கணுமில்ல?" கார்டு தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "படகு உங்களோடதா இருந்தா அதையே வண்டின்னு வெச்சுக்கலாம் சார்."

வாடைக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. படகுக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "இன்னா பேஜாரு இது!" என்று படகிலிருந்து குதித்து வந்தவர், தள்ளுகோலைப் பெரியப்பாவின் இரண்டு கையிலும் வைத்து அழுத்தினார். "இந்தா, படகு நைனாதுதான். எல்லாரும் கேட்டுக்கோங்க, அல்லாருக்கும் சொல்ட்டேன். போலாமா இப்போ?"

துறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கார்டு நோட்டில் எழுதினார், பெரியப்பா கையெழுத்துப் போட்டார், நாங்கள் கிளம்பினோம்.

பூநாரைகளைப் பார்த்தோம். தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு கோடு. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "கொக்குதானே?" என்றார். திரும்பும்போது தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. படகுக்காரர் இறங்கித் தள்ள, நானும் இறங்கித் தள்ள, குப்பத்துக் கரை சேர்ந்தபோது சூரியன் மேற்கே விழுந்து சற்று நேரம் ஆகியிருந்தது.

கரையில் பெரியதனக்காரர் நின்றிருந்தார். குப்பத்தில் பாடு பற்றிய வழக்குகளைத் தீர்ப்பவர் அவர்தான். துறையில் நடந்தது எங்களுக்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

"கோலைக் கொடுத்தியா?"

"வெளாட்டுக்குக் கொடுத்தேன். கார்டு வுட மாட்டேன்னாரு."

"கொடுத்தியா, இல்லியா?"

அப்போதுதான் எனக்கும் விளங்கத் தொடங்கியது. அந்தக் குப்பத்தில் படகு விற்றாலும், மகனுக்குக் கொடுத்தாலும், பத்திரம் கிடையாது. ஆட்கள் பார்க்கக் கோலைக் கையில் கொடுத்தால் படகு கை மாறிவிட்டது. வெளியாள் படகு பாடு நடக்கிற இடத்துக்குள் நுழையக் கூடாது என்பது அதைவிடப் பழைய கட்டுப்பாடு.

"சரி, இப்பவே திருப்பிக் கொடுத்துடறேன்" என்று பெரியப்பா கோலைத் தேடினார்.

"செல்லாது ஐயா. பொழுது சாஞ்சிடுச்சு. சாயற நேரத்துல படகு யாருதோ, மறுபொழுது சாயற வரைக்கும் அவருதுதான். நாளைப் பாடு இப்பவே ஆரம்பிச்சாச்சு."

பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. என் காலண்டருக்கு நள்ளிரவில். கார்டுக்கு மேஜையைப் போடும்போது பிறந்து மேஜையை மடக்கும்போது முடிகிறது. என் எதிர்வீட்டு பாய்க்கு மாலையில்தான் மறுநாள் தொடங்கும், அது எனக்குத் தெரியும். குப்பத்துக்கும் அப்படித்தான் என்பது அதுவரை தெரியாது. ஒரே கரையில் நின்றுகொண்டு நாங்கள் ஆளுக்கொரு தேதியில் இருந்தோம்.

"படகு என்னோடதே இல்லைங்க" என்றார் பெரியப்பா.

"அப்போ கெவருமெண்டு நோட்டுல பொய்யா கையெழுத்துப் போட்டீங்களா?"

வாழ்நாள் முழுக்க யார் நிலம் யாருடையது என்று கல் நட்டுக் கையெழுத்துப் போட்டவர் பெரியப்பா.

படகுக்காரரின் மனைவி கரையிலேயே தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஊரு சுத்த வந்தவருக்குப் படகைத் தாரை வார்த்துட்டு நிக்கிறியே! பாட்டுக்கு இன்னாத்துல போவ? அந்த வேனுலியா?"

பாடு ஆளுக்குத்தான், படகுக்கு இல்லை; வேறு படகில் போகலாம் என்று பெரியதனக்காரர் வழி சொன்னார். ஆனால் அந்த விடியலில் சும்மா இருக்கப்போகிற படகு ஒன்றே ஒன்றுதான். அது படகுக்காரர் மனைவியின் அண்ணனுடையது. மச்சான்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று படகுக்காரருக்குக் கோபம்.

அந்த அண்ணன் அங்கேதான் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்காரர் அவரைப் பார்க்காமல், உலர்த்தியிருந்த ஒரு வலையைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு ஒரு படகு சும்மா கெடக்கும் போல கீது."

அண்ணனும் அதே வலையிடம் பதில் சொன்னார்: "சும்மா கெடக்கறதை எடுக்கறதுக்கு இன்னா கேள்வி? துடுப்பு மட்டும் ஒடையாம வந்து சேரணும்."

பாடு கைவிட்டுப் போகவில்லை. ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. வெளியாள் படகு குப்பத்துக் கரையில் கிடந்தால் சொந்தக்காரர் கூட இருக்க வேண்டுமாம். காணாமல் போனால் ஊர் பதில் சொல்ல முடியாது. ஆகவே அன்றிரவே வேனைக் குப்பத்துக்கு ஓட்டி வந்து படகுக்குப் பக்கத்தில் நிறுத்தி, விடிந்ததும் கரையேற்றிய படகில் குடை பிடித்து உட்கார்ந்தார் பெரியப்பா. பெரியம்மா வேனில் சமைத்துப் படகுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒரு வீடு போதாதுன்னு இப்ப ரெண்டு வீடு" என்று சிரித்தார். பள்ளி இடைவேளையில் நான் போனபோது கார்டு சைக்கிளில் வந்து நின்றிருந்தார்.

"படகு உங்களோடதுதானே சார்? இன்னைக்கும் போகலாம், எல்லாருக்கும் ஃப்ரீ."

"எனக்குக் கோல் போடத் தெரியாதுப்பா."

"அப்போ பாஸ் எதுக்கு சார்?"

பெரியப்பா உண்மையாகவே யோசித்தார்.

பாடு முடிந்து படகுக்காரர் அன்று வெயில் ஏறும் முன்பே திரும்பிவிட்டார். இறால் நன்றாக விழுந்திருந்தது. மச்சான் படகைச் சொன்னபடி துடுப்பு உடையாமல் நிறுத்திவிட்டு, ஒரு கூடை இறாலை அதிலேயே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டார். கூடையை அண்ணன் எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அண்ணன் மனைவிதான் முந்தானையால் மூடி எடுத்துப்போனாள்.

மாலையில் எல்லோரும் கரைக்கு வந்தார்கள். பெரியப்பா கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். இம்முறை சூரியன் சாய்வதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று நானும், சாயும்போதுதான் கொடுக்க வேண்டும் என்று பெரியதனக்காரரும், சாய்ந்த பிறகுதானே நேற்று தொடங்கிய நாள் முடியும் என்று பெரியப்பாவும் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் மேற்கே மேகம் கட்டிக்கொண்டது. சூரியன் இருக்கிறதா, போய்விட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பெரியதனக்காரர் மேகத்தைப் பார்த்தார். பெரியப்பா எங்கள் இருவரையும் பார்த்தார்.

படகுக்காரரின் மனைவி நேராக வந்து பெரியப்பாவின் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டாள். "சாஞ்சிடுச்சு. நான் சொல்றேன். போய் உங்க வண்டியில குந்துங்க நைனா."

படகுக்காரர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கோலை மணலில் ஊன்றி நின்றாள்.

"எங்க அண்ணன் படகுலதான் பாட்டுக்குப் போய் வந்த. அவரான்ட மூஞ்சி குடுத்து ஒரு வார்த்தை பேசு. அப்பால தர்றேன்."

"இன்னாடி இது, எல்லார் எதிர்லயும்?"

"எல்லார் எதிர்லதானே நேத்து கொடுத்த?"

பெண் கையில் கோல் இருந்தால் படகு யாருடையது என்று பெரியதனக்காரரிடம் கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது. அவர் மேகத்தை விட்டுவிட்டுத் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுக்காரர் வலையைப் பார்க்காமல், மச்சானைப் பார்த்தே கேட்டார்.

"சோறு துன்ட்டியா மச்சான்?"

"துன்ட்டேன்" என்றார் அண்ணன். "மொதப் பந்தியிலயே."

கரை முழுக்கச் சிரிப்பு. படகுக்காரரும் சிரித்துவிட்டார். அவள் கோலைக் கொடுத்தாள்.

பெரியப்பா என் தோளைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இப்ப அது என்னோடது இல்லையே?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன் பெரியப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து, உறையோடு ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, வேனில் போய் ஏறிக்கொண்டார்.