தாத்தாவின் பத்திரமும் இன்ஷிராஹின் கல்யாணமும்

கெய்ரோவில் நெய் விற்றுப் பணம் சேர்த்த ஹாஜி ஷாஹீனுக்குச் செத்த பிறகும் அதிகாரத்தை விட மனசில்லை. மூன்று மாடி வீட்டை வம்சத்துக்கென்று வக்ஃபு செய்து, விற்கக்கூடாது, பிரிக்கக்கூடாது என்று பத்திரம் எழுதினார். வம்சத்துப் பெண் புருஷன் இல்லாதவரை அங்கே இருக்கலாம். கல்யாணமானால் வெளியேற வேண்டும். விதவையானாலோ தலாக் ஆனாலோ திரும்பி வரலாம். அந்தப் புண்ணியத்தில் பேத்தி இன்ஷிராஹ் நாற்பத்தொரு வயதுவரை மேல்மாடி அறையில் ராணியாக இருந்தாள்.

அவள் அண்ணன் முராத்தான் வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லி. அந்த அறையில் தன் மகனைக் குடிவைக்கத் துடித்த அவர், தங்கை வாழ்க்கையில் திடீர் அக்கறை கொண்டு வாரத்துக்கொரு மாப்பிள்ளையைப் பிடித்து வந்தார். பல் போனவர், மூன்று பெண்டாட்டி கண்டவர், குறட்டைக்குப் பேர்போன கசாப்புக்காரர். காப்பி ஆறுவதற்குள் அத்தனை பேரையும் அவள் வழியனுப்பினாள்.

பயூமி எஃபெந்திக்கு மட்டும் இரண்டாவது காப்பி போட்டாள். தபாலாபீஸ் குமாஸ்தா, மனைவியை இழந்தவர், சிரிக்கவைக்கத் தெரிந்தவர். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"உங்க வீடு எப்படி?"

"மூணு ரூமு. காத்து பிச்சுக்கிட்டு வரும். செத்துப்போனவ வழியில வந்தது. பதினோரு வருஷமா ஒருத்தனும் என்னை அசைக்கல. இந்த மேல்மாடி உனக்கா?"

"எனக்கேதான். தாத்தா எழுதி வெச்சிருக்காரு."

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதிப் பத்திரத்தைச் சொன்னார்கள்.

நிக்காஹ் முடிந்த மறுநாள் காலை அவள் கட்டிலைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பயூமி பெட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"பெட்டி எதுக்குங்க?"

"குடிவரத்தான்! மறுகல்யாணம் பண்ணினா வீட்டை விட்டுடணும்னு செத்துப்போனவ அப்பன் வக்ஃபுல எழுதி வெச்சிட்டான்."

"அட பாவி மனுஷா! புருஷன் வந்தா நான் வெளியேறணும்னு எங்க தாத்தா எழுதி வெச்சிட்டாரே!"

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முராத்தின் மகனுடைய மெத்தை அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தது.

பயூமி முகம் தொங்கிப்போயிற்று. "என் வீடு போனது போனதுதான். உனக்காவது கூரை இருக்கட்டும். இப்பவே தலாக் சொல்லிடறேன், நீ உள்ள போயிடும்மா."

"ஐயையோ, பொறுங்க மாப்ள!" என்று முராத் செருப்புக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். "வாழவேண்டிய வயசுல என்ன பேச்சு இது!"

இன்ஷிராஹ் அண்ணனைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், தனக்காகத் தெருவில் நிற்கத் துணிந்த மனிதரைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவரை விடவே கூடாது என்று தோன்றியது. அண்ணனை விடவும் கூடாது என்று தோன்றியது.

"வாடகைக்கு இடம் பாத்துக்கறோம் அண்ணே. வாடகை கட்ட முடியாம சண்டை வந்து, இவர் தலாக் சொல்லிட்டார்னா கட்டிலோட திரும்பிடுவேன். பத்திரம் அப்படி."

அந்த மாதத்திலிருந்து அவர்கள் வாடகையை முராத்தான் கட்டினார். பின்தெருவிலிருந்த அந்த வாடகை வீட்டில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் போதும், ஒரு டப்பா நெய்யோடு சமாதானம் பேச ஓடினார். அவள் வாய் திறப்பதற்குள் பயூமியைத் தழுவிக்கொண்டு, "என் தங்கச்சி தங்கம் மாப்ள, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று கண்கலங்குவார். அந்தக் கண்ணீர் மட்டும் உண்மையானது.