நாலு நடக்கிற பிள்ளைக்கு எந்தப் படகு?

அந்த அப்பை என் போனில் இறக்கிய நாளிலிருந்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். சிங்கப்பூரில் ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா. அதற்குள் எதில் எத்தனை மணிக்கு ஏறப்போகிறோம் என்பதை இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டே மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளைக்கு முன்பு பதிய வேண்டுமாம். கொட்டாஞ்சேனையில் கார்னிவல் வந்தால் ரிக்கெட்டை நீட்டியதும் ஏற்றிவிடுவான். பிள்ளை கத்தினால் இறக்கியும் விடுவான். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கூத்து?

ஆனால் பதியாமல் விடவும் முடியாது. கனடாவில் இருக்கும் என் தங்கச்சி, கலியாணம் ஒன்றுக்கு அவுஸ்திரேலியா போகிற வழியில் சிங்கப்பூரில் ஒரேயொரு நாள் தங்குகிறாள். அவளைச் சந்திக்கத்தான் நாங்களும் போகிறோம். அவளுடைய மகனும் என் மகளும் பதினொரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். அவன் மூத்தவன் என்பதால் இவளுக்கு அண்ணா. இரண்டும் ஒன்றையொன்று நேரில் கண்டதே இல்லை, எல்லாம் வீடியோ கோல்தான். பூங்காவின் சிவப்புப் படகைப் படத்தில் பார்த்ததிலிருந்து இவளுக்கு ஒரே பேச்சு: "அண்ணாவும் நானும் பக்கத்தில பக்கத்தில இருப்பம்." சாப்பிடும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் போகட்டும், அந்தச் சிவப்புப் படகு கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

அதுதான் கிடைக்கவில்லை.

"அக்கா, எனக்குச் சிவப்புக் காட்டுது. பதினொண்டு பத்துக்கு இடம் இருக்கு" என்றாள் தங்கச்சி.

"எனக்கு நீலம் மட்டுந்தானடி காட்டுது."

"திருப்பி அழுத்திப் பார்."

"அழுத்தி அழுத்தி விரலே தேஞ்சு போச்சு!"

பிள்ளையின் பெயர், பிறந்த நாடு, வயது என்று கேட்டதையெல்லாம் மூன்று தரம் அழித்து மூன்று தரம் நிரப்பினேன். ஒவ்வொரு தரமும் அதே நீலப் படகு. பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர், "எங்கட பாஸ்போட்டுக்குச் சிவப்புக் குடுக்க மாட்டாங்களோ தெரியேல்ல" என்றார். தூதரக வரிசைகளில் நின்று நின்று பழகிய மனிதர். நானும் நம்பிவிட்டேன். வந்ததே ஒரு கோபம். மூன்று நாளாக ஒரு போனோடு சண்டை பிடித்தவள் கொழும்பிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசியில், நேரத்தையாவது ஒன்றாக எடுப்போம், மிச்சத்தை அங்கே போய்க் கதைத்துச் சரிக்கட்டலாம் என்று நீலத்திலேயே பதினொன்று பத்தை அழுத்தினேன். வாசலில் நிற்பவரோடு கதைத்தால் நடக்காத காரியம் இல்லை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

பதிவுத் தாளை அச்செடுக்கக் காலி ஊருக்குப் போகிற காலி வீதியில் உள்ள போட்டோ கொப்பிக் கடைக்குப் போனேன். கடைக்கார நானா தாளைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு நாலு வயசா? போன மாசந்தானே மூணாவது பேத்டே போட்டோ இங்க அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஓம் நானா, மூண்டு முடிஞ்சு இப்ப நாலு நடக்குது."

நானாவும் சரி என்று தலையாட்டினார். எங்கள் வீட்டில் முடிந்த வயதை யார் சொல்கிறார்கள்? நடக்கிற வயதுதான் வயது. அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை.

சிங்கப்பூரில் தங்கச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில் அரைமணி நேரம் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டும் வெட்கப்பட்டு எங்கள் சட்டைக்குப் பின்னால் ஒளிந்தன. படகடிக்குப் போனதும்தான் சிக்கல். அங்கே நின்ற பெண் என் மகளின் பாஸ்போட்டை விரித்துப் பார்த்தாள். நாலு வயதும் அதற்கு மேலும் என்றால் நீலம், அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சிவப்பு. உங்கள் மகளுக்கு மூன்றுதானே, நீலத்தில் ஏற்ற முடியாது என்றாள். அப்படியென்றால் சிவப்பில் ஏற்றுங்கள் என்றேன். சிவப்பு நாள் முழுக்க நிரம்பிவிட்டதாம். "ஃபோர் இஸ் கோயிங் ஓன்" என்று விளக்கிப் பார்த்தேன். அவள் பாவம், சிரித்த முகத்தோடு விழித்தாள்.

"அக்கா, நீ மூண்டெண்டு போடேல்லையா?" என்றாள் தங்கச்சி.

"நாலு நடக்குதெல்லோ!"

"அப்பிடி இப்ப ஆரக்கா எண்ணுறது?"

ஒரே வீட்டில், ஒரே அம்மாவிடம் வயது எண்ணப் பழகியவர்கள் நாங்கள் இருவரும். எனக்குக் கோபமா, வெட்கமா, என்னவென்றே தெரியவில்லை. பதினொரு நாள் மூத்தவனுக்கு மூன்று, இளையவளுக்கு நாலு என்று இரண்டு போனிலும் எழுதிவைத்துவிட்டு, பழியைப் பாஸ்போட்டில் போட்டிருக்கிறோம்.

ஒரு பெரியவரோடு ஒரு பிள்ளைதான் ஏறலாம். தங்கச்சி தானும் போகவில்லை என்று நின்றாள். போடி, அவனாவது போகட்டும் என்று நான்தான் தள்ளிவிட்டேன். அவர்கள் இருவரோடும் சிவப்புப் படகு புறப்பட்டது. என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, போனத் தாங்கோ."

கொடுத்தேன். சித்தியின் படத்தை அழுத்தினாள், ஒவ்வொரு ஞாயிறும் வீட்டில் வீடியோ கோலுக்கு அழுத்துவது போல. தண்ணீருக்கு நடுவில் தங்கச்சியின் போன் அடித்தது. அவன் எடுத்தான். காலையிலிருந்து வெட்கத்தில் வாயே திறக்காத இரண்டும் அப்போதுதான் கதைக்கத் தொடங்கின.

"அண்ணா, என்னையும் ஏத்துங்கோ."

"வா, இதில இரு" என்றவன், கொஞ்சம் தள்ளியிருந்து, போனைத் தன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தான். அது விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். தங்கச்சி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

படகு சுற்றி முடிந்ததும் மகள் போனை என்னிடம் நீட்டினாள்.

"சரியம்மா, நாங்கள் ரெண்டு பேரும் போயிட்டு வந்திட்டம்."