அர்ஷியாவின் பாய்

சீ, இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா என்று சிராஜுதீனிடம் நான் கேட்காத நாளில்லை. வண்ணார்பேட்டையில் என் கூரியர் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறான். காயல்பட்டினத்துக்காரன். ஷார்ஜாவில் ஒரு பொம்மைக் கடையில் வேலை பார்த்தபோது இந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது.

சாண் நீளப் பிளாஸ்டிக் பீரங்கி வண்டிகள் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். மீசை முளைத்த ஆம்பிளைகள் உட்கார்ந்து ஒட்டுவார்கள். பெட்டியில் வருவது அவர்களுக்குப் போதாது. பித்தளைக் கொக்கி வேண்டும், உலோகச் சங்கிலிப்பட்டை வேண்டும், சுருட்டிய தார்ப்பாய் வேண்டும். சேற்றைக்கூடப் புட்டியில் அடைத்து வாங்குகிறார்கள், மகராசன்கள்! தாமிரபரணியில் இறங்கினால் அள்ள அள்ள வருமே. இந்த மேல்சாமான்களைச் செய்து விற்பதுதான் சிராஜுதீனின் பிழைப்பு. பார்சல் எல்லாம் என் கடை வழியாகத்தான் போகும்.

"துரு எந்த நெறம்னு ராத்திரி பகலா சண்டை போடுதானுவளே, இவனுவளுக்கு வேற சோலி இல்லையாவே?" என்பேன்.

"உமக்கு ரசனை கிடையாதுவே ஜெயராம்" என்பான்.

அவன் சாமான்களில் நன்றாக ஓடுவது பாய்தான். மனைவி ஸமீஹா பத்தமடைக்காரி, பாய் நெய்கிற வீடு. கோரையை மயிரிழையாகக் கிழித்து, விரல் நீளத்தில் அசல் பாயே நெய்துவிடுவாள். படைவீரனின் படுக்கை என்று சுருட்டி வண்டியின் பின்னால் கட்டிக்கொள்ளலாம். அவள் ஊரில் கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்வது வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் ஒவ்வொரு குட்டிப் பாயின் ஓரத்திலும் மகள் பெயரை நெய்தாள்: அர்ஷியா.

அர்ஷியா இரண்டாம் வகுப்பு. பார்சல் கிளம்பும்போதெல்லாம் என் மேசையைப் பிடித்துத் தொங்குவாள். "மாமா, என் பாய் எந்த ஊருக்குப் போகுது?" வாங்கியவர்கள் வண்டியை முடித்ததும் படம் அனுப்புவார்கள். வாப்பாவின் போனில் அதைப் பெரிதாக்கித் தன் பெயரைக் கண்டுபிடிப்பது அவளுக்கு விளையாட்டு.

போன மாசம் ஒரு சாயங்காலம் சிராஜுதீனும் அர்ஷியாவும் நானும் கடையில் இருந்தோம். போன் அவள் கையில். பெங்களூரிலிருந்து சுந்தர் என்றொருவன், பெரிய கம்பெனி உத்தியோகக்காரன், படம் அனுப்பியிருந்தான். கூடவே குரல் செய்தி. "ப்ரோ, உங்க பாய் வேற லெவல். குரூப்ல எல்லாரும் கேக்குறாங்க."

அர்ஷியா படத்தைப் பெரிதாக்கினாள். "வாப்பா, இந்தா என் பேரு! ஆனா பாய் வண்டியில இல்லையே, கீழல்லா கெடக்கு. அதுல யாரு வாப்பா படுத்திருக்கா?"

நான் எட்டிப் பார்த்தேன். பொம்மையாய்ச் செய்த இடிந்த வீட்டுச் சுவர்மேல் வண்டி ஏறி நிற்கிறது. பக்கத்தில் பாய், அதற்குள் சுற்றிய ஓர் உருவம். வெளியே நீட்டியிருந்த இரண்டு பாதங்கள் பெரிய ஆளின் பாதங்கள் இல்லை. அதையொட்டி அர்ஷியா என்ற பெயர். செத்த பிள்ளையை அச்சில் வார்த்து விற்கிறவன் ஒருத்தன், அதைத் தேடி வாங்கி வர்ணம் பூசி அழகு பார்க்கிறவன் ஒருத்தன். த்தூ! இவர்களெல்லாம் வீட்டுக்குப் போய் எப்படிச் சோறு தின்கிறார்கள்?

சிராஜுதீன் போனைப் பிடுங்கினான். "அது உறங்குதும்மா."

"மூஞ்சிய ஏன் மூடிருக்கு?"

"கொசு கடிக்கும்லா" என்றான்.

வாசலுக்குப் போய் சுந்தரைக் கூப்பிட்டான். நானும் ஒட்டி நின்று கேட்டேன்.

"தம்பி, அது எம்மவ பேரு. அந்தப் பாயை மட்டும் எடுத்துருங்க."

"ஐயோ ப்ரோ, ஒட்டியாச்சே! பிய்ச்சா எல்லாம் போயிடும். வெறும் பொம்மைதானே, ஏன் சீரியஸா எடுத்துக்கறீங்க? அந்தப் பேருதான் ஹைலைட்டே. இன்னும் கொஞ்சம் பாய் வேணும் ப்ரோ, ஒவ்வொண்ணுலயும் வேற வேற பசங்க பேரு போட்டுக் குடுங்க."

சிராஜுதீன் போனைத் துண்டித்தான். அவனுக்குத் திட்டத் தெரியாது. தெரு கேட்க நான்தான் திட்டினேன், நாக்கு கூசுகிற வார்த்தைகளெல்லாம் வந்தன. அவன் உள்ளே போய், மேசையில் அனுப்பத் தயாராக இருந்த பார்சலைக் கிழித்து, பாயை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஏன் வாப்பா பிரிக்கீங்க?"

"இனிமே பாய் அனுப்ப வேண்டாம்மா."

அர்ஷியா கிழிந்த பார்சலை எட்டிப் பார்த்தாள்.

"அப்போ அந்தப் பிள்ளை எந்திரிச்சதும் என் பாயைத் திருப்பித் தந்துருமா வாப்பா?"