பியானோவும் பக்கத்து வெடியும்

பழைய இசைத்தட்டு உறையின் ஈர அட்டை வாசனை இன்று ஒரு கடையில் மூக்கில் ஏறியதும், இப்போது காலண்டர் கிடங்காகிவிட்ட எங்கள் திருத்தங்கல் வீட்டு முன்னறையின் புழுக்கம் நினைவுக்கு வந்தது.

அச்சகத்தில் மெஷின் ஓட்டிய அப்பாவுக்குப் பியானோ இசையைச் சேகரிப்பதில் பைத்தியம். வாங்க முடியாத தட்டுகளை மதுரை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிவந்து, ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்துக் கேசட்டில் பதிவார். அதற்காக மின்விசிறியை நிறுத்துவார், குக்கரை இறக்கச் சொல்வார், என்னையும் அம்மாவையும் கட்டிலில் அசையாமல் உட்காரவைப்பார். வியர்வை முதுகில் வழிய, இசை மெல்லத் தேய்ந்து மூச்சைப் பிடித்து நிறுத்தும் இடம் வரும்போது, பின்பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்ப்பார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார்.

ஒரு தட்டுக்கு மூன்று நாள் இப்படியே போயிற்று. திருப்பித் தர வேண்டிய அன்று அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இந்த ஊர்ல குடியிருந்துக்கிட்டு வெடிச் சத்தம் ஆகாதுன்னா எங்கன போறது?” என்றபடி கம்பெனிக்கே போய் ஃபோர்மேனிடம் பேசிவிட்டு வந்தார். “அரை மணி நேரம் நிப்பாட்டுறாகளாம். சீக்கிரம் போடுங்க.”

ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. ஆனால் கடைசி ஸ்வரம் அடங்கும்போது, “முடிஞ்சிருச்சா? ஃபேனைப் போடவா?” என்ற அம்மாவின் குரலும் பதிந்துவிட்டது.

அப்பா எரிந்து விழப்போகிறார் என்று பயந்தேன். அவரோ கேசட்டை எடுத்து, இனி அதன்மேல் எதையும் பதிய முடியாதபடி, முதுகிலிருந்த சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டார்.