முயல் கதையின் கடைசிப் பக்கம்

அந்த ஆறு புத்தகங்களையும் வாங்கித் தந்தவர் மாமா. மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை, கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் ஒன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் அத்தை ஒரே ஒரு துணிப்பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போவா” என்று அப்பா பக்கத்து வீட்டில் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்தது, காலாண்டுப் பரீட்சை வந்தது, அரையாண்டும் வந்தது. அந்த இரண்டு நாள் மட்டும் முடிந்தபாடில்லை.

அத்தை வந்ததில் எனக்கு லாபம்தான். அம்மாவுக்கும் அவளுக்கும் அவ்வளவாக ஆகாது. குழம்பில் உப்பு முதல் வாசலில் போடும் கோலம் வரை இரண்டு பேருக்கும் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. அதனாலேயோ என்னவோ அத்தை சீக்கிரமே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிவிட்டு என்னிடம்தான் வருவாள்.

புரட்டாசியில் ஒரு நாள் மாமா வந்தார். அப்பாவிடம் அரை மணி நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். அத்தை அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. மாமா கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். மதுரைக்குப் போனபோது வாங்கினாராம்.

ஆறும் ஒரே அளவு, வழவழப்பான தாள். பக்கத்துக்கு மூன்று வரி, மீதியெல்லாம் படம். யானை அரைக்கால் சட்டை போட்டிருக்கும். ஆமை குடை பிடித்திருக்கும். நரிக்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் சட்டை கிடையாது. கெட்டவர்களுக்குத் தையல்காரர் தைத்துக் கொடுக்க மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கதை முடிகிற இடத்தில் பூப்போட்ட கட்டத்துக்குள் ‘நீதி’ என்று ஒரு வரி இருக்கும். பின்னட்டையில் இதே வரிசையில் இன்னும் பதினான்கு புத்தகங்களின் அட்டைகளைப் பொடிசாக அச்சடித்திருந்தார்கள். ஒன்றில் ஒட்டகச்சிவிங்கி ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் என்ன இருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “மிச்சத்த அடுத்த தடவ கொண்டாரேன் பாப்பா” என்று மாமா சொல்லியிருந்தார். ஆகவே மாமா அடிக்கடி வர வேண்டும் என்பதுதான் அப்போது என் விருப்பம்.

அத்தை வாசித்தால் அது வேறு மாதிரி இருக்கும். காக்கா எங்கள் தெருக்காரர்களைப் போலவே பேசும். யானை, அப்பாவின் ஆபீசில் இருந்த மேலதிகாரி மாதிரி ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் தொண்டையைச் செருமும். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார். கடைசியில் அத்தை நீதியைக் கையால் பொத்திக்கொண்டு, என்னவாக இருக்கும், சொல்லு பாப்பம் என்பாள். எனக்கு அதில் நல்ல திறமை. பொய் சொல்லக் கூடாது, பேராசைப்படக் கூடாது, பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும், இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆறாவது புத்தகத்தில் மட்டும் அந்த விளையாட்டு நடக்கவில்லை. அது முயலும் முள்ளம்பன்றியும் ஒரே வளையில் குடியிருந்த கதை. முள்ளம்பன்றி நல்லதுதான், கிழங்கு கொண்டுவந்து கொடுக்கும். ஆனால் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் அதன் முள் முயலைக் குத்தும். ஒரு மழை நாளில் முயல் அழுதுகொண்டே வெளியேறிப் போகிறது. நரி துரத்துகிறது. எப்படியோ தப்பித்து ஒரு பாறை மேல் நின்று நாலாபக்கமும் பார்க்கிறது. அதோடு சரி. கடைசித் தாள் பின்னட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அச்சடிக்கும்போதே ஒட்டிட்டு போல” என்றாள் அத்தை. “மிச்சத்த நான் சொல்லுதேன்.”

அத்தை சொன்ன மிச்சம் ஒரு நாளில் முடியவில்லை. முயல் ஒரு கடலைக்காட்டு ஓரத்தில் புதிதாக வளை தோண்டியது. கிழக்குப் பார்த்து வாசல் வைத்தது. மறுநாள் அடுப்புப் போட்டது. அதற்கடுத்த நாள் கதவுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டது. 

“மழைக்கு ஒழுகாதா அத்தை?”

“ஒழுகும். சட்டி வச்சிக்கிடும்.”

“தனியா இருக்க பயமா இருக்காதா?”

“மொத ரெண்டு நாளு இருக்கும்” என்றாள் அத்தை.

எனக்கு அந்த வளை பிடித்திருந்தது. ஆனாலும் ஒட்டிய பக்கம் என்னை விடவில்லை. அரையாண்டு விடுமுறையில் அதே வேலையாக இருந்தேன். தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. நீண்டதாக இரண்டு. காதுகள்தான். அப்படியானால் கதையில் இன்னும் முயல் இருக்கிறது. ஸ்கேலை விட்டு நெம்பினேன், ஓரம் கிழியப் பார்த்தது. நகத்தால் சுரண்டியபோது காய்ந்துபோன ஒரு சோற்றுப் பருக்கை உதிர்ந்து விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். நோட்டுக்கு அட்டை போடும்போது நாங்களும் சோற்றுப் பருக்கை வைத்துத்தான் ஒட்டுவோம். மதுரையில் அச்சாபீஸ்காரர்களும் அப்படித்தான் செய்வார்களா என்பது தெரியவில்லை.

தபாலில் வரும் கவர்களில் முத்திரை விழாத ஸ்டாம்ப் இருந்தால் அப்பா அதைக் காப்பி ஆவியில் காட்டி அலுங்காமல் உரித்தெடுப்பார். அரசாங்க ஊழியரான அவர் செய்யக்கூடிய அதிகபட்சக் குற்றம் அது. அந்த வித்தையைப் பார்த்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, பொங்கலுக்குக் கொடுக்கிற பச்சரிசியும் கரும்பும் வாங்க அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்போதுதான் சோறு வடித்திருந்தாள். கஞ்சிச் சட்டியின் மேல் புத்தகத்தை விரித்துப் பிடித்தேன். கை வெந்தது. கொஞ்ச நேரத்தில் தாள் இளகி, தானே வாயைத் திறந்தது.

முயல் வளைக்குத் திரும்பிப் போயிருந்தது. முள்ளம்பன்றி ‘வா, வா’ என்றது. மூலையில் சுருண்டு படுக்க முயல் கற்றுக்கொண்டது. பிறகு முள் அதிகம் குத்தவில்லை. பின்னட்டையின் உட்பக்கம் பூப்போட்ட கட்டத்துக்குள், ‘அனுசரித்துப் போனால் ஆனந்தமாக வாழலாம்’ என்று இருந்தது.

பாவம் அத்தை என்று நினைத்தேன். இது தெரியாமல் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மாமா வந்துவிட்டார், கூடவே அவருடைய பெரியப்பாவும். அவர் நல்ல வெள்ளை மீசைக்காரர். எந்த வீட்டுச் சச்சரவையும் பேசி முடிப்பதில் பேர் போனவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் மாமாவின் கையைத்தான் முதலில் பார்த்தேன். பழமும் பூவும் இருந்தன, புத்தகம் இல்லை.

“நடந்தது நடந்துட்டு” என்றார் பெரியவர். “சின்னஞ்சிறுசுகளுக்குள்ள சடவு வரத்தான் செய்யும். தை பொறந்ததும் நல்ல நாளாப் பாத்துக் கூட்டிட்டுப் போயிருதோம். என்ன சொல்லுதீரு?”

“நீங்க சொன்னாச் சரி” என்றார் அப்பா.

அத்தை அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அது பெரியவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

“ஏ பாப்பா, இங்கன வா. எத்தனாப்பு படிக்க?”

“ரெண்டாப்பு.”

“நல்லா வாசிப்பா பெரிப்பா” என்றார் மாமா. “நான் வாங்கிக் குடுத்த கதைப் புத்தகத்த எல்லாம் மனப்பாடமாச் சொல்லுவாளாம்.”

“எங்க, ஒண்ணு வாசி பாப்பம்.”

எதை எடுப்பேன்? முயலைத்தான் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். எழுத்துக் கூட்டாமல், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி நிமிர்ந்து நின்று வாசித்தேன். நன்றாக வாசித்தால் மாமா அடுத்த வாரமே மிச்சப் புத்தகங்களோடு வருவார் என்று எனக்கு நம்பிக்கை. கடைசித் தாள் ஆவியில் சுருங்கி விறைத்திருந்தது. அதைத் திருப்பியபோது மொடமொடவென்று சத்தம் வந்தது. அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு முடிவை வாசித்தேன், நீதியையும் சேர்த்து.

பெரியவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “பாத்தீரா? ரெண்டாப்பு பிள்ளை புத்தகத்துலயே போட்டிருக்கான். நாம என்னத்தப் புதுசாச் சொல்லப் போறோம்.” அப்பா முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. மாமா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“ஏ மக்கா” என்று அத்தை கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, எனக்குக் கதை சொல்லும்போது இருக்கிற மாதிரி. “அந்தப் படத்த நல்லாப் பாத்துச் சொல்லு. முள்ளம்பன்றி எங்கன படுத்திருக்கு?”

“நடுவுல.”

“முயலு?”

“மூலையில. சுவரோட ஒட்டி.”

“அது காதுல என்ன இருக்கு?”

நான் அதுவரை கவனிக்கவில்லை. புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். “பிளாஸ்திரி அத்தை. பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருக்கு. முதுகுலயும் ஒண்ணு இருக்கு. கால்ல ரெண்டு.” படத்தில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. “மொத்தம் நாலு.”

“மூஞ்சி எப்படி இருக்கு?”

“சிரிச்சிக்கிட்டு இருக்கு.”

“படம் போடுதவன் வேடிக்கைக்குப் போட்டிருப்பான்” என்றார் பெரியவர்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வரும்போது எனக்கும் நாலு இடத்துல இருந்துது” என்றாள் அத்தை. “அண்ணனுக்குத் தெரியும். நான் போகல.”

அத்தைக்கு எப்போது அடிபட்டது என்று யோசித்தேன். சைக்கிளில் இருந்து விழுந்திருப்பாள் என்று முடிவுசெய்தேன். நானும் அந்த வருஷம்தான் விழுந்திருந்தேன்.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா காப்பித் தட்டோடு வந்தாள். பெரிய ஆட்கள் முன்னால் அம்மா பேசி நான் பார்த்ததில்லை. தட்டைக் கீழே வைத்தாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“ஏங்க, அவ இங்கனயே இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்.”

காப்பியை யாரும் குடிக்கவில்லை. பழத்தையும் பூவையும் அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் ஓடிப்போய், மிச்சப் புத்தகம் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே பைக்கை உதைத்தார். என்னிடம் எப்போதும் அன்பாக இருந்த மனிதர் அவர். நான் எந்த இடத்தில் தப்பாக வாசித்தேன் என்று தெரியாமல் நின்றேன். ஒட்டகச்சிவிங்கி கிணற்றுக்குள் எதைப் பார்த்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் முழுக்க அத்தை கண்ணில் படாமல் சுற்றினேன். புத்தகத்தை ஆவியில் பாழாக்கியதற்கு அடி விழும் என்று பயம். கடைசியில் பின்வாசலில் அவளிடம் மாட்டிக்கொண்டேன்.

“எப்படிட்டி உரிச்ச?”

“கஞ்சி ஆவில.”

“கைய வச்சா சுடும்னு அம்மா சொல்லலியா உனக்கு?” என்று என் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். கோபம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. எனக்குத் தைரியம் வந்தது.

“நீதான ஒட்டின? ஏன் அத்தை?”

“எனக்கு அந்த முடிவு பிடிக்கல.”

“புத்தகத்துல போட்டதை மாத்தலாமா?”

“நம்ம வீட்டுப் புத்தகந்தான” என்றாள்.

அப்பா காலையில் வெளியே போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், நாற்காலியில் கிடந்த முயல் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். அப்பா தினசரிப் பேப்பரைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறவர். ஆபீஸ் காகிதங்களைப் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவார் என்று பேர். பக்கத்துக்கு மூன்று வரி இருக்கிற புத்தகத்தை அவர் ஏன் இவ்வளவு மெதுவாக வாசிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டாள்.

ஏதோ எழுத்தில் சிக்கிக்கொண்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை ஓட்டி அவருக்காக வாசித்துக் காட்டினேன். அப்பா தலையை ஆட்டினார். அப்போதும் புத்தகத்தை மூடவில்லை. அவருக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை போல என்று தோன்றியது.

“அத்தைக்கு இன்னொரு முடிவு தெரியும்பா. கேட்டுப் பாருங்க” என்றேன்.

“கேக்கணும்” என்றார் அப்பா.

அத்தை பக்கத்து அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். அப்பா எழுந்து கதவு வரை போனார். அங்கேயே சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். இவ்வளவு பெரிய ஆள், தங்கையிடம் போய்க் கதை கேட்க வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிடப் போனேன்.