எங்கள் லயத்தில் மெதுவாக ஓடிய இந்திப் பாட்டுகள்

எனக்கு இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் இருபத்தொரு வயதில் நாற்பது இந்திப் பாட்டுகளாவது மனப்பாடம். நாற்பதையும் பள்ளிக்கூட நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே வயலின் வரும், எங்கே தபலா மட்டும் நாலு தட்டு தட்டிவிட்டுப் போகும் என்று ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்திருப்பேன். பொருள் தெரியாமல் எப்படிப் பாடுகிறாய் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த மொழியில் அழுகிறது என்று கேட்டுவிட்டா பிள்ளையைத் தூக்குகிறோம்?

மலாய் நாட்டு மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளாக எங்கள் லயம். எழுபதுகளின் கடைசி. அம்மா கொழுந்து எடுத்தாள். நான் ஆலையில் தூளிலிருந்து காம்பு பொறுக்கினேன். அக்கா புருஷன் எஞ்சின் அறையில் வேலை. மாலை ஆறு மணிக்கு எஞ்சினைப் போட்டு லயத்துக்கு மின்சாரம் விடுவதும் பத்து மணிக்கு நிறுத்துவதும் அவர்தான். தோட்டத்துக் கணக்கெழுதிக்கொண்டிருந்து வேறு தோட்டத்துக்கு மாறிப் போன ஒரு கிராணியிடமிருந்து அத்தான் ரெக்கார்டு பெட்டி ஒன்றை வாங்கினார். கூடவே ஒரு கட்டு ரெக்கார்டுகளும் வந்தன. எல்லாம் இந்தி. தமிழ்ப் பாட்டு வரவில்லை என்று அக்கா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அடுத்த வாரம் அவளே அழுதுகொண்டு கேட்டாள்.

அந்த இசையமைப்பாளர்களை நான் குணத்தால்தான் அறிவேன். ஒருவர் வயலின்களைக் கூட்டமாக அழைத்து வந்து வாசலை அடைத்துவிடுவார். ஒருவர் ஒரே ஒரு புல்லாங்குழலோடு வந்து காரியத்தை முடித்துவிடுவார். இன்னொருவருக்கு வாத்தியங்களே பிடிக்காதோ என்று தோன்றும், பாடகியைத் தனியாக விட்டுவிட்டுத் தூரத்தில் நிற்பார். அப்படித் தனியாக விடப்பட்ட ஒரு பாட்டுதான் எனக்கு உயிர். அதைப் பாடியவள் கனத்த, களைத்த குரலுடையவள். அம்மா வயது இருக்கும், நிறையப் பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

சில வேளை அதே பாட்டை ரேடியோவில் போடுவார்கள். அங்கே அது விறுவிறுவென்று ஓடும். செய்திக்கு நேரமாகிவிட்டது, பாட்டை அவசரமாக ஓட்டி முடிக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். "அவன் வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குப் போவணும்ல," என்பார் அத்தான்.

என்னை அம்மா எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்றுதான் சொல்வாள். உண்மைதான். அந்த மலையில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பனி, மழை, சங்கு, பெரட்டில் பேர் கூப்பிடுவது, காம்பு, மறுபடி பனி. என் வயதுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அடுத்த லயத்துக்குக் கல்யாணமாகிப் போனார்கள். இந்த லயத்திலிருந்து அந்த லயத்துக்குப் போவதற்கு எதற்குத் தாலி என்று நான் கேட்டேன்.

வழி ஒன்று வந்தது. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரி டிரைவர் ஒருவர், மலைக்குக் கீழே தாப்பாவில் ஓர் இசைக்குழு நடத்தினார். இரண்டு வாத்தியக்காரர்கள் ரிங்லெட்டில் இருந்ததால் ஞாயிறு மத்தியானம் அங்கே ஒரு கடை மாடியில் ஒத்திகை. மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணங்களில் இந்திப் பாட்டு கேட்கிறார்கள், பாடப் பெண் வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார். தேறினால் தாப்பாவில் அவர் மனைவியின் தையல் கடையில் வேலை, அவர்கள் வீட்டிலேயே தங்க இடம். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அத்தான் துணைக்கு வந்தார். என் உயிர்ப் பாட்டைத்தான் எடுத்தேன். முதல் அடியிலேயே ஆர்மோனியம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டாவது அடியில் தபலாக்காரர் சிரித்துவிட்டார்.

"குரல் இருக்கு தங்கச்சி," என்றார் தலைவர். "ஆனா அரைக் கட்டை கீழ நிக்குற. இழுக்கவும் இழுக்குற. பாட்டு உன்னய விட்டுட்டு முன்னால போயிடுச்சுலா."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் இழுக்கலண்ணே. உங்க ஆளுங்கதான் லோரிக்கு நேரமான மாதிரி ஓடுறாங்க. ரெக்கார்ட நீங்களே கேளுங்க." பையிலிருந்து எடுத்து நீட்டினேன். சண்டை வரும் என்று தெரிந்தே கொண்டு போயிருந்தேன்.

அவர் அதை அங்கிருந்த பெட்டியில் போட்டார். பாட்டு வேகமாகவும் மேலேயும் வந்தது. உங்கள் பெட்டி கோளாறு என்றேன். அவர் ஆர்மோனியத்தை எடுத்துக் கூடவே வாசித்தார். அச்சாகப் பொருந்தியது. அப்போதுதான் ரேடியோ ஞாபகம் வந்தது. யாரும் எதையும் அவசரமாக ஓட்டவில்லை. அந்தப் பாடகி என் அம்மா வயதுக்காரி அல்ல. என்னைவிடச் சின்னப் பெண் போலிருந்தாள். அவளுக்கு ஒரு களைப்பும் இல்லை.

"எஞ்சின் மெதுவா ஓடுனா பெட்டியும் மெதுவாத்தான் சுத்தும். ஒங்க எஸ்டேட்ல கரண்டு எப்படி?" என்று கேட்டார். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் ஜன்னலைப் பார்த்தார்.

அவர் நல்ல மனிதர். இரண்டு வாரம் தவணை கொடுத்தார். பாட்டைச் சரியான வேகத்தில் கற்றுக்கொண்டு வா என்றார்.

வீடு வரும்வரை அத்தானைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆறு வருஷமாக விளக்கைத்தான் மங்கலாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன், பாட்டையும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"எஞ்சின் மேல பழி போடாத," என்றார் அவர். "லயத்துக்கு விளக்கு எரிஞ்சா போதும், எண்ணெய மிச்சம் புடின்னு தொர சொன்னாரு. அவரு சொன்ன வேகத்துல வெச்சிருக்கேன்." கோபித்துக்கொண்டு சாப்பிட்டார். கை கழுவும்போது மெல்லச் சொன்னார்: "நாளைக்கு ஏழு மணிக்கு பல்பப் பாரு. ஒரு பாட்டு. அதுக்கு மேல கேக்காத. தொரைக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும்."

மறுநாள் ஏழு மணிக்கு முள்ளை ரெக்கார்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பல்பைப் பார்த்தபடி நின்றேன். மஞ்சளாக இருந்தது வெள்ளையாக மாறியது. முள்ளை வைத்தேன். பாட்டு முடிந்து சற்று நேரத்தில் மறுபடி மஞ்சள்.

மூன்றாம் நாளிலிருந்து லயமே ஏழு மணிக்குக் காத்திருந்தது. ஊசியில் நூல் கோப்பவர்கள், பிள்ளைகளின் தலையில் பேன் பார்ப்பவர்கள், காலில் ஏறிய முள்ளை எடுப்பவர்கள் எல்லாரும் அந்த மூன்று நிமிஷ வெளிச்சத்துக்குத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். எவரும் கிராணி காதில் போடவில்லை. "நாளைக்குக் கொஞ்சம் நீட்டுப் பாட்டா போடேன்டி, ரவிக்கைக்கு ஒரு கை பாக்கி இருக்கு," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

எனக்குச் சிரிக்க நேரமில்லை. பாட்டை நாக்கிலிருந்து பிய்த்து எடுத்து வேறு வேகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆலையில் காம்பு பொறுக்கும்போது விரலால் மேசையில் தாளம் தட்டி, அதற்குள் பொறுக்கி முடிப்பேன். தட்டு நிறைவது இரட்டிப்பானது. நடையும் மாறியது. அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் திருப்பத்தைத் தாண்டியிருப்பேன்.

இரண்டாவது ஞாயிறு, அதே மாடி. பாடினேன். ஆர்மோனியமும் நானும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தோம். தபலாக்காரர் தலையை ஆட்டினார். "சரி," என்றார் தலைவர். "வெள்ளிக்கிழம லோரி கீழ போவும். துணிமணிப் பெட்டியோட வந்துரு." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரிங்லெட் கடைத்தெருவில் அத்தானுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை என்னால் உட்கார முடியவில்லை.

அன்று மாலை அத்தான் ஏழு மணிக்கும் எஞ்சினைக் கூட்டாமல் பழைய வேகத்திலேயே விட்டுவிட்டு வந்தார். இனி ஆபத்தான வேலை வேண்டாம். சந்தோஷத்தில் அக்கா அந்த ரெக்கார்டையே எடுத்துப் போட்டாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பாட்டு வந்தது. இழுத்தது. கீழே கிடந்தது. மூச்சு முட்டுகிறவள் பாடுவதுபோல் இருந்தது. என்னை ஆறு வருஷம் அழவைத்தவளா இவள்? இரண்டாவது அடி வருவதற்குள் என் கை தானாகப் போய் முள்ளைத் தூக்கிவிட்டது.

"ஏன்டி எடுத்த? நல்லாத்தானே பாடுறா," என்றாள் அக்கா.

தப்பாக ஓடுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு அவர்களுக்குக் கேட்கவில்லை. பதினைந்து நாளுக்கு முன்னால் எனக்கும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவர்களை நினைத்தா என்னை நினைத்தா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. தாப்பாவுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தவள்தான் நான். ஆனால் இனிமேல் அந்த வீட்டில் இருக்கவும் முடியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

அக்கா முள்ளை மறுபடி முதலிலிருந்து வைத்தாள். அவர்கள் கேட்டார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாட்டுக்காகவா எனக்காகவா என்று நின்று பார்க்காமல் நான் பெட்டி அடுக்கப் போனேன்.